ஐந்தரை மணி ஐஸ்

எங்கள் ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்க்கில், ஐஸைச் சமப்படுத்தும் ஜாம்போனி வண்டி வந்து போகும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருந்தது. நின்று பார்த்தால் தெரியாது. வண்டி வெளியே போகும்போது சொட்டும் தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து உறைந்து, வாரக்கணக்கில் சேர்ந்து எழும்பிய மேடு. ஒற்றைக்காலில் பிளேடின் வெளி ஓரத்தில், அதாவது வெளி எட்ஜில், சரிந்து போகிறவருக்கு மட்டும் அது தெரியும்; முழங்கால் ஒரு கணம் உதறும். நானும் என் பார்ட்னரும் அந்த இடம் வந்தால் ஓர் அடி உள்ளே தள்ளி வளைவு போடப் பழகிவிட்டோம். யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. வெளியூரில் ஆடிய முதல் பெரிய போட்டியின் வீடியோவைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கண்ணாடி மாதிரி இருந்த அந்த ஐஸில், மேடே இல்லாத இடத்தில், இருவரும் ஒரே சமயத்தில் ஓர் அடி உள்ளே தள்ளிப் போயிருந்தோம்.

நான் 14 வருடம் ஐஸ் டான்ஸ் ஆடினேன், அதில் 9 வருடம் போட்டிகளில். பெரிய பெயர் எதுவும் எடுக்கவில்லை. தேசிய அளவில் எங்கள் உச்சம் ஏழாவது இடம். அதனால் பதக்கம் வாங்கும் வழி எனக்குத் தெரியாது. சாதாரண உள்ளூர் ரிங்க் ஒன்றில் தொடங்கி, அதிலேயே முடித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எந்த ஐஸில் பழகுகிறோமோ அது உடம்பில் ஏறிவிடும். அதன் அகலம், குளிர், நேர அட்டவணை, மேடு பள்ளம் எல்லாமே ஏறும். நல்லதும் ஏறும், கெட்டதும் ஏறும். எது ஏறுகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் எனக்கு மூன்று வருடமாவது மிச்சமாகியிருக்கும்.

இது என்ன ஆட்டம் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. டிவியில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவதும், வீசி எறிந்து அவள் மூன்று சுற்று சுற்றி இறங்குவதும் ஜோடி ஸ்கேட்டிங். ஐஸ் டான்ஸ் வேறு. இங்கே தலைக்கு மேல் தூக்கக் கூடாது, வீசக் கூடாது, பெரிய தாவல்கள் கிடையாது. லிஃப்ட் உண்டு, ஆனால் சாதாரண லிஃப்ட் 7 நொடிக்குள் முடிந்துவிட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு என் மாமா ஒருவர் "அப்ப ஈஸிதானே" என்றார். அவரை ஒரு நாள் ரிங்க்குக் கூட்டிப்போய், இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் பின்னோக்கிப் போகச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தாவலையும் வீச்சையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது எட்ஜ். பிளேடின் நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடும், அதன் இரு கரைகளும் இரண்டு எட்ஜ். முன்னோக்கி, பின்னோக்கி, உள், வெளி என்று காலுக்கு நான்கு, ஆக மொத்தம் எட்டு. இந்த எட்டிலும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு, பாட்டின் தாளம் தவறாமல், கத்தி படும் தூரத்தில் வேகமாகப் போக வேண்டும். உலகப் போட்டிகளில் 1952-லேயே இது சேர்ந்துவிட்டது. ஒலிம்பிக்கில் 1976-ல்தான் இடம் கிடைத்தது. அந்த முதல் தங்கம் சோவியத் யூனியனின் லுட்மிலா பகோமோவா, அலெக்சாண்டர் கோர்ஷ்கோவ் ஜோடிக்குப் போனது. தங்கள் பயிற்சியாளருடன் சேர்ந்து அவர்கள் 1974-ல் உருவாக்கிய டேங்கோ ரொமான்டிகா இன்றும் ஐஸ் டான்ஸ் ஆடுபவர்கள் கற்கும் பாடம். ஃபின்லாந்தின் சுசானா ரகாமோவும் பெட்ரி கொக்கோவும் போட்ட ஃபின்ஸ்டெப்பும் அப்படித்தான். ஒருவர் தனக்காகப் போட்ட அடி பிறகு எல்லாருக்கும் பாடமாவது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

நான் முதலில் தனியாகத்தான் ஆடினேன். ஆக்ஸல் தாவல் வரவே இல்லை. இரண்டு வருடம் விழுந்து விழுந்து இடுப்பு நீலமாகவே இருந்தது. ஒரு நாள் தடுப்புச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் டான்ஸ் சொல்லித் தரும் கோச் வந்தார். "தாவல் வரலைன்னு அழாதம்மா. உன் முழங்கால் நல்லா மடங்குது. அது எல்லாருக்கும் வராது" என்றார். அந்த வாரமே அவர் வகுப்பில் சேர்ந்தேன். டச் வால்ட்ஸ், கனாஸ்டா டேங்கோ, ரிதம் ப்ளூஸ். இந்த மூன்றையும் ஆடியே ஒரு வருடம் போனது. எந்தத் தாளத்துக்கு எந்தக் கால், எந்த எட்ஜ், ரிங்க்கில் எந்த இடம் என்று எல்லாம் வரைபடமாகவே இருக்கும். பாட்டுக்கு வேண்டுமானால் சுதந்திரம் உண்டு, காலுக்குக் கிடையாது.

அங்கேதான் ரிங்க்கின் அகலம் என்னை ஏமாற்றியது.

சர்வதேசப் போட்டிக்கு ஐஸ் 60-க்கு 30 மீட்டர் இருப்பது உத்தமம், 56-க்கு 26-க்குக் குறையக் கூடாது. எங்கள் ரிங்க் ஹாக்கிக்காகக் கட்டியது. நீளத்தில் குறையில்லை, அகலம் மட்டும் 26. நாலு மீட்டர்தானே என்று தோன்றும். பாட்டின் வேகம் மாறாது, அடிகளின் எண்ணிக்கை மாறாது. அதே தாளத்துக்குள் இன்னும் நாலு மீட்டர் அகலமான வளைவை வரைய வேண்டும் என்றால் ஒவ்வொரு உந்தலும் கூடுதல் தூரம் போக வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? 30 மீட்டர் ரிங்க்கின் நடுவில் எங்கள் 26 மீட்டர் நடனத்தை அப்படியே ஆடிவிட்டு வந்தோம். பெரிய கூடத்தில் சின்னப் பாயை விரித்த மாதிரி இருந்தது. ஆடும்போது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை, நன்றாக ஆடினோம் என்றுதான் நினைத்தோம். மதிப்பெண் வந்தபோது என் பார்ட்னர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

அதற்கப்புறம் இரண்டு விஷயங்கள் செய்தோம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை முழு அளவு ரிங்க் ஒன்றில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தோம். இது உதவியது, ஆனால் மாதம் ஒரு மணி நேரத்தில் உடம்பு மாறாது. உண்மையில் உதவியது கோச் சொன்ன எளிய பயிற்சிதான். ரிங்க்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எத்தனை உந்தலில் போகிறோம் என்று எண்ண வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் அந்த எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். 11-ல் ஆரம்பித்தோம். 8-க்கு வர எட்டு மாதம் ஆனது. கூடவே, வளைவின் உச்சியில் தடுப்புச் சுவருக்கு ஒரு கை தூரம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும் என்று ஒரு விதி. சுவரைப் பார்த்துப் பயந்து முன்கூட்டியே திரும்புவது சின்ன ரிங்க்கில் வளர்ந்த எல்லாருக்கும் உள்ள வியாதி.

ஐஸையே எனக்குப் புரியவைத்தவர் ஜாம்போனி ஓட்டிய பெரியவர். காலை ஐந்தரை மணி நேரம்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஐந்து மணிக்கே போனால் அவர் முந்தைய இரவு ஹாக்கிக்காரர்கள் கிழித்துப் போட்ட ஐஸைச் சரி செய்துகொண்டிருப்பார். கோல் கம்பத்துக்கு முன்னால்தான் எப்போதும் மோசமாக இருக்கும், உழுத வயல் மாதிரி. வண்டியின் அடியில் உள்ள நீளமான கத்தி மேல்தோலைச் சீவி எடுக்கும், பின்னால் தொங்கும் துணி சூடான தண்ணீரைப் பரப்பிக்கொண்டே வரும். சூடான தண்ணீர் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

"பச்சைத் தண்ணி ஊத்தினா மேல தனியா ஒரு ஓடு மாதிரி நிக்கும். சுடுதண்ணி அடியில இருக்கிற ஐஸைக் கொஞ்சம் இளக்கிட்டு அதோட சேர்ந்து உறையும்."

இந்த வண்டியைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஜாம்போனி ஒரு ரிங்க் முதலாளி. கலிஃபோர்னியாவில் தன் சொந்த ரிங்க்கின் ஐஸைச் சரிசெய்யத்தான் 1949-ல் முதல் வண்டியைச் செய்து முடித்தார். அதுவரை நாலைந்து ஆள் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்த வேலை. பெரியவர் அந்தக் கதையைத் தன் தாத்தா கதை போலச் சொல்வார்.

அவரிடம் கற்ற முக்கியமான பாடம், ஐஸ் எல்லாம் ஒன்றில்லை என்பது. ஹாக்கிக்கு ஐஸ் கட்டியாக வேண்டும், மேற்பரப்பு மைனஸ் 5, 6 டிகிரி அளவில் வைப்பார்கள். எங்களுக்கு மைனஸ் 3, 4 போதும். கட்டி ஐஸில் பிளேடு கடிக்காது. ஆழமாகச் சாய்ந்தால் ஓரம் சில்லு சில்லாக உடைந்து கால் நழுவும். ரொம்ப இளகிவிட்டால் பிளேடு புதைந்து வேகம் செத்துப்போகும். ராத்திரி முழுக்க யாரும் ஏறாமல் கிடந்த ஐந்தரை மணி ஐஸ் கட்டியாக இருக்கும். ஆள் ஏறி, விளக்கெல்லாம் எரிந்து, ஆறரைக்கு மேல் மெத்தென்று ஆகும். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம். சோர்வு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே ட்விசில், அதாவது ஒற்றைக்காலில் நகர்ந்துகொண்டே சுற்றும் சுற்று, சுற்றுவோம், கால் நழுவும், எரிச்சல் வரும், அன்றைய காலை முழுக்கக் கெட்டுவிடும். அப்புறம் வரிசையை மாற்றினோம். முதலில் நீளமான உந்தல்கள், பிறகு வரைபடப்படி ஆடும் பேட்டர்ன், ஐஸ் இளகிய பிறகு ட்விசிலும் ஆழமான எட்ஜும்.

போட்டி ஊருக்குப் போனாலும் இதே பழக்கம்தான். அதிகாரப்பூர்வ பயிற்சி நேரம் கொஞ்சமே கிடைக்கும். பலர் உடனே நிகழ்ச்சியை ஓட்டிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். நாங்கள் முதல் சில நிமிடம் ஒன்றும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வருவோம். காதைத் தீட்டிக்கொண்டுதான். கட்டி ஐஸில் பிளேடு சரசரவென்று சத்தம் போடும், இளகிய ஐஸில் சத்தம் அமுங்கிவிடும். வண்டி வரும் கதவு எங்கே, அங்கே மேடு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் என் வேலை. பெரும்பாலும் இருக்கும்.

பிளேடு விஷயத்தில் நான் பட்டது தனிக்கதை. டான்ஸ் பிளேடின் பின்பகுதி சாதாரண பிளேடைவிடக் குட்டை, ஒட்டி ஆடும்போது பார்ட்னரின் பிளேடில் இடிக்காமல் இருப்பதற்காக. ஆரம்பத்தில் பழைய பிளேடிலேயே ஆடி இரண்டு முறை அவன் காலைத் தட்டி இருவரும் உருண்டோம். சரி, டான்ஸ் பிளேடு வாங்கினேன். வாங்கியதை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நடக்கப் போடும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஈரத்தோடு விட்டுவிட்டேன், ஒரே வாரத்தில் துரு. நடக்கும்போது பிளாஸ்டிக் உறை, துடைத்துப் பையில் வைக்கும்போது துணி உறை. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய தப்பு சாணை பிடிப்பதில். ஒரு போட்டிக்கு முந்தின நாள் மாலை, வழக்கமான ஆள் இல்லாததால் வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் ஹாக்கி பிளேடு தீட்டுகிறவர். மறுநாள் காலை ஐஸில் இறங்கினால் இடது காலில் வெளி எட்ஜ் நிற்கவே இல்லை. ஒரு கரை உயரமாகவும் மறுகரை தாழ்வாகவும் தீட்டியிருந்தார். அதோடு நுனியில் இருக்கும் பல்லையும் கொஞ்சம் தேய்த்துவிட்டார். அன்று நான் ஆடியதை யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும். இப்போது தீட்டிய உடனே பிளேடை மேல்நோக்கித் திருப்பி, குறுக்கே ஒரு நாணயத்தைப் படுக்க வைத்துப் பார்ப்பேன். இரண்டு கரையும் சமமென்றால் நாணயம் பிளேடுக்குச் செங்குத்தாக நிற்கும், சாய்ந்தால் வேலை சரியில்லை. போட்டிக்கு நாலைந்து நாள் முன்னாலேயே தீட்டி, அந்தப் புதுக் கூர்மையில் இரண்டு மூன்று முறையாவது ஆடிவிட வேண்டும். நல்ல சாணைக்காரர் கிடைத்தால் அவர் எங்கே போனாலும் கூடவே போங்கள்.

பார்ட்னர். இதைப் பற்றி எழுதினால் ஒரு புத்தகம் வரும். பெண்கள் நிறையப் பேர், பையன்கள் கொஞ்சம் பேர், அதுதான் அடிப்படைச் சிக்கல். இதனால் பெண் வீட்டார் கேட்கிற நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டிவிடுவார்கள். பையன் பயணச் செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், எந்த ரிங்க் என்றாலும் நாங்களே வருகிறோம் என்று. சம்பந்தம் பேசுகிற மாதிரியே இருக்கும். என் முதல் பார்ட்னர் 8 மாதம் ஆடினான். சீசன் தொடங்க 6 வாரம் இருக்கும்போது அவன் அம்மாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: வேறு ரிங்க்கில் வேறு பெண்ணோடு சேர்ந்துவிட்டானாம். கோபப்பட்டு என்ன பயன், நாங்கள் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. யார் எவ்வளவு தருவது, எந்த ரிங்க், வாரத்துக்கு எத்தனை நாள், பிரிவதென்றால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடுவது சங்கடமாகத்தான் இருக்கும். போடுங்கள்.

இரண்டாவது பார்ட்னரைத் தேர்ந்தெடுத்தபோது நான் உயரத்தையோ முந்தைய மதிப்பெண்ணையோ பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். ஆனால் முடிவு செய்தது வேறொன்று. முதல் சந்திப்பில் அடி எதுவும் ஆடாமல், கைகோத்து இருபது நிமிடம் ரிங்க்கைச் சும்மா சுற்றச் சொன்னார் கோச். பேசவும் கூடாது. பத்தாவது நிமிடத்தில் அவன் முழங்கால் மடங்கும் நேரமும் என் முழங்கால் மடங்கும் நேரமும் ஒன்றாகிவிட்டது. வேறு மூன்று பையன்களோடு அந்த இருபது நிமிடம் இழுபறியாகவே போயிருந்தது. அப்புறம் இன்னொன்று கவனித்தேன். நடுவில் ஒரு சின்னப் பெண் குறுக்கே வந்தாள். அவன் என்னை இழுக்கவில்லை, கையை லேசாக அழுத்தினான், நான் விலகினேன். விழுந்தபோது யார் மேல் பழி போடுகிறான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது போகப்போக மாறாது.

டெஸா வெர்ச்சுவும் ஸ்காட் மோயரும் 1997-ல் ஜோடி சேர்ந்தபோது அவளுக்கு 7 வயது, அவனுக்கு 9. சேர்த்து வைத்தவர் ஸ்காட்டின் அத்தை, இடம் கனடாவின் இல்டர்டன் என்ற சிற்றூரின் ரிங்க். 2010-லும் 2018-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள், அங்கிருந்து வாட்டர்லூ, அமெரிக்காவின் கேன்டன், மான்ட்ரியல் என்று இடம் மாறிக்கொண்டே போனார்கள். இந்தக் கதையைப் பெற்றோர் பலர் பாதிதான் கேட்கிறார்கள். பெரிய இடத்துக்குப் போனால்தான் ஆகும் என்று பத்து வயதிலேயே ஊர் மாற்றிவிடுகிறார்கள். அடிப்படை எட்ஜ் உள்ளூரில் உருவாகும். உங்கள் ரிங்க்கில் உங்களைவிட நன்றாக ஆடும் ஜோடி ஒன்றுகூட இல்லை என்கிற நிலை வரும்போது இடம் மாறுவதை யோசிக்கலாம். அதற்கு முன் வேண்டாம் என்பது என் கட்சி. நாங்கள் மாறவில்லை, காரணம் பணம். மாறியிருந்தால் ஐந்தாவது இடம் வந்திருக்குமோ என்று இன்றும் சில நாள் தோன்றும்.

வேலையும் ஆட்டமும் சேர்ந்து நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் பிரிட்டனின் டோர்வில், டீன் ஜோடியைச் சொல்வேன். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் பொலேரோ இசைக்கு ஆடி, ஒன்பது நடுவர்களும் கலை வெளிப்பாட்டுக்கு முழு 6.0 கொடுத்த ஜோடி. ஜேன் டோர்வில் காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தா, கிறிஸ்டோபர் டீன் போலீஸ்காரர். நாட்டிங்காம் நகரசபை பண உதவி செய்த பிறகுதான் வேலையை விட்டு முழுநேரமாக ஆடினார்கள். நானும் முழுக்க முழுக்க வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினேன். நகரசபையெல்லாம் வரவில்லை.

எனக்கு ஐஸ் நேரம் கிடைத்த வழி வேறு. உள்ளூர் ரிங்க்குக்கு வருமானம் பொதுமக்கள் நேரத்திலும், ஹாக்கியிலும், பிறந்தநாள் விழாக்களிலும்தான். கணக்குப் பார்த்தால், பெரிய ஐஸில் இரண்டே பேர் ஆடும் ஜோடி அவர்களுக்கு நஷ்டம். இது புரியாமல் பல வருடம் நேரம் கேட்டுச் சண்டை போட்டேன். புரிந்த பிறகு, சனிக்கிழமை ஆரம்பநிலைக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்க ஒத்துக்கொண்டேன், பதிலுக்கு வாரம் இரண்டு காலை நேரம். யாராவது கடைசி நிமிடத்தில் ரத்து செய்த நேரத்துக்கு எங்களைக் கூப்பிடச் சொல்லிவைத்தேன். மாதம் மூன்று நான்கு முறை அழைப்பு வரும், பாதி நாள் ராத்திரி பத்தரைக்கு.

கட்டுப்படியாகாத மாதங்களில் பொதுமக்கள் நேரத்திலும் ஆடினோம். ஜோடியாக ஆட முடியாது, ஆபத்து. ஆனால் கிலியன் பிடியில், அதாவது இருவரும் ஒரே திசை பார்த்து, பக்கம் பக்கமாகக் கூட்டத்துக்குள் நெளிந்து போவது நல்ல பயிற்சி. பார்ட்னரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். ஒரு எச்சரிக்கை: பொதுமக்கள் நேரத்தில் எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலேயே சுற்றுவார்கள். அதிலேயே ஊறினால் இடப்பக்கம் வளைவது மட்டும் அழகாகிவிடும், வலப்பக்கம் மரக்கட்டை. தனி நேரம் கிடைத்தால் முதல் பாதியை வலச்சுற்றுக்கே கொடுங்கள்.

மற்ற ஸ்கேட்டர்களோடு பகிரும் நேரத்தில் எழுதப்படாத ஒழுங்கு ஒன்று உண்டு. யாருடைய பாட்டு ஓடுகிறதோ அவருக்கு எல்லாரும் வழி விட வேண்டும், அவர் அடையாளத்துக்கு வண்ணப் பட்டை கட்டியிருப்பார். தாவுகிறவர்கள் மூலைகளில் பின்னோக்கி வருவார்கள், அவர்களுக்குக் கண் முதுகில் கிடையாது. டான்ஸ் ஜோடியில் ஒருவராவது பெரும்பாலும் முன்னால் பார்த்தபடி இருப்பதால் பார்க்க வேண்டிய பொறுப்பு நம்முடையதுதான். எனக்குத் தாடையில் உள்ள தழும்பு இதை நான் மறந்த ஒரு காலையில் வந்தது.

போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், மதிப்பெண் முறை அடிக்கடி மாறுகிறது. 6.0-ஐ உச்சமாக வைத்த பழைய முறை போய்விட்டது. இப்போது ஒவ்வொரு அம்சத்துக்கும் தொழில்நுட்பக் குழு அதன் கடினத்தைப் பார்த்து 1 முதல் 4 வரை லெவல் கொடுக்கும், நடுவர்கள் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை தரம் போடுவார்கள். எட்ஜ் சரியா தப்பா என்று வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு சீசன் லெவல் 4 ஆசையில் நிகழ்ச்சியை அடைத்துத் திணித்துக் கெடுத்தோம். சுத்தமாக ஆடக்கூடிய லெவல் 2 எங்களுக்கு அதிக மதிப்பெண் வாங்கித் தந்தது. கோச் முதலிலேயே சொன்னார், கேட்கவில்லை.

உடை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் பிரான்ஸின் கேப்ரியெல்லா பாப்பதாகிஸின் கழுத்துக் கொக்கி முதல் நடனம் தொடங்கியதுமே கழன்றுவிட்டது. உடை நழுவுவதைப் பார்த்துக்கொண்டே அவர் ஆடி முடித்தார். கடைசியில் பாப்பதாகிஸும் கியோம் சிசெரோனும் 0.79 புள்ளியில் தங்கத்தைத் தவறவிட்டார்கள். அதை டிவியில் பார்த்த அன்றே என் கொக்கிகளையெல்லாம் நூலால் இரட்டைத் தையல் போட்டேன். முழு உடையோடு, முழு வேகத்தோடு, லிஃப்ட் உட்பட மூன்று முறை ஆடாத உடையோடு போட்டிக்குப் போவதில்லை. அவனுடைய சட்டைக் கை என் கொக்கியில் மாட்டும் என்பது இரண்டாவது முறைதான் தெரிந்தது.

எட்டாவது வருடம் ரிங்க்கின் ஐஸை உறைய வைக்கும் கம்ப்ரெஸர் பழுதானது. அந்த ஓசை இல்லாத ரிங்க்கை அன்றுதான் முதல் முறை கேட்டேன். ஐஸ் ஓரங்களில் தண்ணீராகி, கோடுகள் கலங்கி, மூன்றாவது நாள் வெறும் சிமென்ட் தரை. 7 வாரம் மூடிக் கிடந்தது. நாங்கள் வேறு ரிங்க்குகளில் மிச்ச நேரம் பொறுக்கினோம், மற்ற நாள் ஜிம்மில் மெத்தை விரித்து லிஃப்ட் பழகினோம். அதில் ஒரு நல்லது நடந்தது. லிஃப்ட்டை எப்போதும் அவசர அவசரமாக ஐஸிலேயே பழகியவர்களுக்கு, தரையில் மெதுவாகச் செய்தபோது நான் என் எடையை அவன் தோளில் தவறான இடத்தில் போடுவது தெரிந்தது. அவன் தோள் வலிக்கு அதுதான் காரணம். பல மாதமாக அவன் வாய் திறக்கவில்லை. "ஏண்டா சொல்லல" என்றேன். "நீ பயந்துடுவேன்னுதான்" என்றான்.

அடுத்த வருடம் அவன் முழங்கால் அறுவை சிகிச்சையோடு எங்கள் போட்டிக்காலம் முடிந்தது. அழுகையெல்லாம் இல்லை. கடைசி நாள் பயிற்சியில் டச் வால்ட்ஸ் ஒரு முறை ஆடிவிட்டு பூட்ஸைக் கழற்றினோம்.

இப்போது அதே ரிங்க்கில் காலை ஐந்தரைக்கு மூன்று ஜோடிகளுக்குச் சொல்லித் தருகிறேன். போன வருடம் பழைய ஐஸை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார், புதிதாக வந்த பையன் கதவுக்குப் பக்கத்தில் சொட்டுகிற தண்ணீரை ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுகிறான். மேடு இல்லை. போன வாரம் ஒரு பெண்ணுக்கு வளைவைக் காட்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

"ஏன் மேடம் இங்க மட்டும் உள்ள தள்ளிப் போறீங்க? வரைபடத்துல அப்படி இல்லையே" என்றாள்.

"இன்னொரு தடவை போகலாம். இந்தத் தடவை நீ கூட்டிட்டுப் போ" என்றேன்.